கரையில் நின்று எடுத்த முப்பது சிப்பி

வேலைக்கு எடுக்கும்போது நீந்தத் தெரியுமா என்று கேட்டார்கள். ஓம் என்றேன். அது பொய்யில்லை. கல்லடிக் கடற்கரையில் கரைவலைக்காரர் ஒருவருக்கு மகனாகப் பிறந்துவிட்டு நீந்தத் தெரியாது என்று சொல்லியிருந்தால்தான் பொய். தண்ணீருக்குள் இறங்குவீரா என்று அவர்கள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அதற்கும் ஓம் என்றுதான் சொல்லியிருப்பேன். அந்த வேலை எனக்கு அவ்வளவு தேவையாக இருந்தது.

சுனாமிக்குப் பிறகு நான் முழங்காலுக்கு மேல் தண்ணீரில் நின்றதில்லை. அன்று காலை அப்பா கரையில் வலையைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். நான் வீட்டில் பல் துலக்கிக்கொண்டிருந்தேன். கடல் என்னைத் தூக்கி, வீடுகளுக்கு ஊடாக இழுத்துக்கொண்டுபோய், மறுபக்கம் ஆற்றங்கரையில் யாரோ ஒருவருடைய வேலியில் கொண்டுபோய்ப் போட்டது. அப்பாவைத் திருப்பித் தரவில்லை. எனக்கு மட்டும் நடந்தது என்று இதைச் சொல்ல முடியாது. எங்கள் தெருவில் எந்தக் கதவைத் தட்டினாலும் இப்படி ஒன்று இருக்கும். ஆனால் மற்றவர்கள் ஆறு மாதத்தில், ஒரு வருடத்தில் மறுபடியும் தோணி ஏறினார்கள். நான் ஏறவில்லை. கேட்டவர்களுக்குப் படிக்கிறேன் என்று சொன்னேன். படிக்கவும் செய்தேன். பயத்தை ஒளித்துவைக்கப் படிப்பு நல்ல வசதியாக இருந்தது.

படித்தது என்னவென்றால் நீருயிர் வளர்ப்பு. சிரிக்கலாம். எனக்கு அந்த ஒரு வருடக் கற்கைக்குத்தான் இடம் கிடைத்தது. வகுப்பில் எல்லாமே கண்ணாடித் தொட்டியும் கரும்பலகையும்தான், யாரும் நனையவில்லை.

நாட்டில் சண்டை முடிந்த அடுத்த வருடம் சிப்பித் திட்டம் வந்தது. சுனாமிக்குப் பிறகு எங்கள் பக்கம் திட்டங்களுக்குக் குறைவிருக்கவில்லை. கோழிக்குஞ்சுத் திட்டம் வந்தது, தையல் மெஷின் திட்டம் வந்தது, ஓட்டத் தெரியாத ஆட்களுக்கெல்லாம் சைக்கிள் கொடுத்த திட்டமும் வந்தது. இது கொஞ்சம் வித்தியாசமானது. சிப்பி வளர்த்து விற்பது பாதி நோக்கம். ஆற்றைச் சுத்தமாக்க முடியுமா என்று பார்ப்பது மீதி.

எழுத்தில் அது மட்டக்களப்பு வாவி. வாயில் எங்களுக்கு அது ஆறுதான். படுவான்கரை வயல் வட்டைகளில் போடுகிற யூரியாவில் பயிர் தின்றது போக மிச்சம் மழைக்கு வழிந்து ஆற்றுக்குள் வருகிறது. பட்டணத்துக் கழிவுநீர்க் கான்களும் தங்கள் பங்கைக் கொண்டுவந்து சேர்க்கின்றன. நெல்லுக்கு ஏற்ற உரம் பாசிக்கும் ஏற்றதுதானே. கண்ணுக்குத் தெரியாத பாசி பெருகித் தண்ணீர் பச்சையாகும். பிறகு அது செத்து அழுகும்போது தண்ணீரிலுள்ள ஒட்சிசன் முடிந்துபோய், விடியற்காலையில் மீன் வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதக்கும். சிப்பி நாள் முழுக்க இந்தத் தண்ணீரை உறிஞ்சிப் பாசியை வடித்துத் தின்கிறது. வட்டையில் போட்ட யூரியாவிலுள்ள நைதரசனில் ஒரு துளி சிப்பியின் சதையாகிறது. அந்தச் சிப்பியை நாம் தண்ணீரை விட்டு வெளியே எடுத்தால், அந்தத் துளியும் வெளியே வருகிறது. எடுக்காமல் விட்டால் செத்து உள்ளேயே கரைந்துவிடும். ஆகவே ஆற்றிலிருந்து எவ்வளவு உரம் வெளியேறியது என்று மதிப்பிட இரண்டு விடயம் தெரிந்தால் போதும். எத்தனை சிப்பியை அறுவடை செய்தோம், ஒரு சிப்பியில் எவ்வளவு சதை இருக்கிறது. முதலாவதை யாரும் எண்ணிவிடலாம். இரண்டாவதுதான் என் வேலை.

எல்லாச் சிப்பியையும் உடைத்துப் பார்க்க முடியாது. அதனால் திட்டத்தை நடத்திய சேர் எனக்கு ஒரு பட்டியல் தந்தார். கணினியில் குருட்டு வாக்கில் எடுத்த இலக்கங்கள். மூன்றாம் பந்தல், பதினோராம் கயிறு, மேலிருந்து நாலாவது சிப்பி. முதலாம் பந்தல், இருபதாம் கயிறு, மேலிருந்து எட்டாவது. இப்படி முப்பது வரி. ஆற்றுக்குள் கம்பு நட்டு, குறுக்கே கம்பு கட்டி, அதிலிருந்து சிப்பி ஒட்டிய கயிறுகளைத் தொங்கவிட்டிருந்தோம். பாகற்காய்க்குப் போடுவதுபோல இருந்ததால் அதற்குப் பந்தல் என்று பெயர் விழுந்தது. நெஞ்சளவு தண்ணீரில் இறங்கிப்போய்ப் பட்டியலில் உள்ளதை மட்டும் பிடுங்கிவர வேண்டும். சிறிதோ பெரிதோ, செத்ததோ, வந்ததுதான் வந்தது. கண்ணால் பார்த்து எடுக்கக் கூடாது என்று சேர் திரும்பத் திரும்பச் சொன்னார். பார்த்து எடுத்தால் கை நல்லதைத்தான் தேடும், அதோடு மதிப்பீடு நாசம் என்றார். எனக்கு விளங்காமல் இல்லை. வகுப்பில் இதைக் கேட்டபோது நான்தான் கையை உயர்த்திப் பதில் சொன்னவன்.

பந்தல்கள் அமிர்தகழிக்கு அப்பால், முகத்துவாரத்துக்குப் போகிற பக்கம் இருந்தன. அங்கேதான் உப்புத் தண்ணீர் சிப்பிக்கு அளவாக வரும். ஆறு பெண்களுக்கு அவற்றைப் பிரித்துக் கொடுத்திருந்தார்கள். அவர்களுக்குத் தலைவியாக இருந்தவரை நான் அக்கா என்றுதான் கூப்பிட்டேன், இங்கேயும் அப்படியே எழுதுகிறேன். நாற்பது வயது இருக்கும். வேகமாக நடப்பார், மெதுவாகப் பேசுவார். சுனாமி வந்த நேரம் அவர் குவைத்தில் ஒரு வீட்டில் வேலை செய்துகொண்டிருந்தார். அங்கே தொலைக்காட்சியில் முதலில் பார்த்தது வேறு ஏதோ நாட்டுக் கடற்கரையை. அவருடைய தாயும் இளைய பிள்ளையும் போய்விட்ட செய்தி மூன்று நாள் கழித்துத்தான் வந்தது. மூத்தவள் ஒரு மரத்தைப் பிடித்துக்கொண்டு தப்பியிருந்தாள். திரும்பி வந்து அந்தப் பிள்ளையின் தலையில் கைவைத்து, இனி உன்னை விட்டுப் போகமாட்டேன் என்று சத்தியம் செய்தாராம். புருசன் சண்டைக் காலத்தில் ஒருநாள் வேலைக்குப் போனவர், வரவில்லை. ஆகவே பந்தல் நின்றால் அக்கா ஊரில் நிற்பார், பந்தல் போனால் மறுபடியும் விமானம்தான். இதை அவர் எனக்கு ஒளிக்கவில்லை. முதல் மாதமே சொல்லிவிட்டார்.

சேரும் ஒளிவுமறைவில்லாமல் சொல்லியிருந்தார். ஒரு வருட மதிப்பீடு நம்பத்தக்கதாக வந்தால் பந்தல்கள் பெண்கள் பெயருக்கே எழுதப்படும். இல்லையென்றால் கம்பையும் கயிற்றையும் பிடுங்கிக்கொண்டு போய்விடுவார்கள்.

முதல் தடவை மாதிரி எடுக்கப்போன நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. புது றப்பர் சப்பாத்து, பிளாஸ்டிக் உறையில் பட்டியல், கழுத்தில் பேனை. பெண்கள் ஏற்கெனவே தண்ணீருக்குள் நின்று கயிறுகளில் ஒட்டிய அழுக்கைத் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். நான் கண்டல் மர ஓரமாக இரண்டடி வைத்தேன். தண்ணீர் சப்பாத்துக்கு மேல் ஏறி முழங்காலைத் தொட்டது. அவ்வளவுதான். காதுக்குள் இரைச்சல் கேட்டது. ஆறு பெண்கள் நிற்கிற தண்ணீரில் கரைவலைக்காரர் மகன் ஒருவன் பயந்துபோய் நிற்கிறான் என்று அவர்களிடம் எப்படிச் சொல்வது. கரைக்கு வந்து, ஏதோ எழுதுவதுபோல் குனிந்துகொண்டு கூப்பிட்டேன்.

“அக்கா, முப்பது சிப்பி எடுத்துத் தாறீங்களா?”

பட்டியலை அவரிடம் நீட்டியிருக்கலாம். அக்கா ஒன்பதாம் வகுப்புவரை படித்தவர், இலக்கம் வாசிக்கத் தெரியும். ஆனால் பட்டியலை நீட்டினால் நீங்கள் ஏன் இறங்கவில்லை என்ற கேள்வி வருமே. அதனால் முப்பது சிப்பி என்று மட்டும் சொன்னேன். அவர் ஒன்றும் கேட்காமல் போனார், அரை மணியில் ஒரு பேசின் நிறையக் கொண்டுவந்து என் காலடியில் வைத்தார். ஒவ்வொன்றும் என் உள்ளங்கை அகலம்.

எங்கள் கரைகளில் ஒரு வழக்கம் உண்டு. கறிக்கு மீன் கேட்டு ஒருவர் வந்து கரையில் நின்றால், அன்று பிடித்ததில் நல்லதைத்தான் எடுத்துக் கொடுப்போம். கேட்டு வந்தவருக்குப் பொடி மீனைக் கொடுப்பது வெட்கக்கேடு. அப்படிக் கொடுத்தவரைப் பற்றிப் பத்து வருடத்துக்குப் பிறகும் கதைப்பார்கள். அப்பா தனக்குக் கறிக்கு இல்லாவிட்டாலும் கேட்டவருக்குப் பெரிய பாரையைத் தூக்கிக் கொடுப்பார், பிறகு அம்மாவிடம் வாங்கிக்கட்டிக்கொள்வார். அக்காவும் அதைத்தான் செய்தார். வெளிப்பக்கக் கயிறுகளில் நீரோட்டம் நன்றாகப் படும், அங்கேதான் கொழுத்த சிப்பி. அங்கிருந்து பொறுக்கிக் கொண்டுவந்திருந்தார். பேசினைப் பார்த்ததுமே எனக்கு விளங்கிவிட்டது. விளங்கவில்லை என்று இன்றைக்கும் என்னால் சொல்ல முடியாது.

அந்த இடத்தில் அவற்றைத் திருப்பி ஆற்றில் போடச் சொல்லியிருக்க வேண்டும். நான் மரத்தடியில் குந்தி, பட்டியலில் ஒவ்வொரு வரிக்கும் நேரே ஒவ்வொரு சிப்பியின் நீளத்தை எழுதினேன். மூன்றாம் பந்தல், பதினோராம் கயிறு, மேலிருந்து நாலாவது. கையில் இருந்த சிப்பி எந்தக் கயிற்றிலிருந்து வந்தது என்று கடவுளுக்கும் அக்காவுக்கும்தான் தெரியும். அன்று என் கையெழுத்து வழமையைவிட அழகாக இருந்தது.

அடுத்த முறையும் அப்படித்தான், அதற்கடுத்த முறையும் அப்படித்தான். ஒருமுறை செய்ததை மறுமுறை மாற்றினால் எண்கள் திடீரென்று விழும், சேர் ஏன் என்று கேட்பார். சிப்பியை உடைத்து, சதையை வெள்ளித்தாளில் வைத்து மின்னடுப்பில் காயவைத்து, தராசில் நிறுத்து, பொடியாக்கிச் சின்னப் போத்தல்களில் அடைத்து ஆய்வுகூடத்துக்கு அனுப்புவேன். இந்த வேலையில் நான் கெட்டிக்காரன். கரைக்கு வந்த பிறகு நடந்த எதிலும் ஒரு பிழையும் இல்லை. பிழையெல்லாம் தண்ணீருக்கும் கரைக்கும் இடையில் இருந்த அந்த இருபது அடியில்தான்.

இடையில் ஒருநாள் திருந்தப் பார்த்தேன். அதையும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் முயற்சியே செய்யாதவன் என்று நினைப்பீர்கள். பெண்கள் வருவதற்கு முன், காலை ஆறரைக்குப் போய்ச் சப்பாத்தைக் கழற்றிவிட்டு இறங்கினேன். தொடைவரை போனேன். ஆறு அசையாமல் கிடந்தது, ஒரு கொக்குகூடப் பயப்படவில்லை. எனக்குக் கால் விறைத்துவிட்டது. முன்னாலும் வைக்க முடியவில்லை, பின்னாலும் எடுக்க முடியவில்லை. எவ்வளவு நேரம் நின்றேனோ தெரியாது. தவழ்ந்துதான் கரைக்கு வந்தேன். நிமிர்ந்து பார்த்தால் அக்காவின் மகள் பள்ளிக்கூட வெள்ளைச் சட்டையோடு, சைக்கிளைப் பிடித்தபடி ஒழுங்கை முனையில் நிற்கிறாள். பதினைந்து வயது. ஏதோ தொலைந்துபோனதைத் தேடுகிறவன்போலக் கையால் சேற்றைத் துழாவினேன். அவள் சிரிக்கவில்லை, சைக்கிளில் ஏறிப் போய்விட்டாள். நல்லவேளை, நம்பிவிட்டாள் என்று நினைத்துக்கொண்டேன்.

ஆய்வுகூடத்திலிருந்து முடிவுகள் வந்தபோது சேருக்குக் கால் நிலத்தில் படவில்லை. சிப்பிகள் வளரும் வேகத்தை வரைபடமாகக் கீறிச் சுவரில் ஒட்டினார். ஊராருக்கு விளங்க வேண்டும் என்று நைதரசனை யூரியா மூடையாக மாற்றினார். வருடத்துக்கு இத்தனை மூடை யூரியாவை ஆற்றுக்குள் இருந்து பெண்கள் தூக்கி வெளியே போடுகிறார்கள் என்று ஒரு படம். படத்தில் பெண்கள் தலையில் மூடையோடு வரிசையாகக் கரையேறுகிறார்கள். விவசாயிகளையும் கூப்பிட்டு ஒரு கூட்டம் வைத்தார். பழுகாமத்திலிருந்து வந்த, நிறைய வயலுள்ள ஒரு போடியார் படத்தை நெடுநேரம் பார்த்துவிட்டு, அப்படியென்றால் எங்கள் உரத்தைச் சிப்பியிடம் திருப்பிக் கேட்கலாமா என்றார். கூட்டம் சிரித்தது. சேர் அக்காவைப் பேசச் சொன்னார். அக்கா எழும்பி, ஆற்றைக் கூட்டிப் பெருக்குகிற வேலை தங்களுக்குக் கிடைத்திருக்கிறது, அதை ஒழுங்காகச் செய்வோம் என்று இரண்டே வசனம் சொல்லிவிட்டு உட்கார்ந்தார். பின்வரிசையில் மகள் கைதட்டினாள். பிறகு சேர் என்னையும் எழும்பச் சொல்லி, வெயிலிலும் தண்ணீரிலும் நின்று மாதிரி எடுத்தவர் இவர்தான் என்றார். நானும் எழும்பி நின்று கைதட்டலை வாங்கிக்கொண்டேன். இதை எழுதும்போதும் காது சுடுகிறது.

மதிப்பீட்டை இன்னொருவர் சரிபார்த்தால்தான் செல்லும் என்பது திட்டத்தின் விதி. வருட முடிவில் ஒரு பல்கலைக்கழக மாணவி வந்தாள். மெலிந்த பிள்ளை, கண்ணாடியை நூலால் கட்டித் தலைக்குப் பின்னால் முடிந்திருந்தாள். புதுப் பட்டியலைப் பார்த்துப் பார்த்து, கழுத்தளவு தண்ணீரில் பந்தலுக்கு உள்ளே நுழைந்து, இலக்கப்படி முப்பதையும் பிடுங்கிக் கொண்டுவந்தாள். அதில் உள்ளங்கைச் சிப்பியும் இருந்தது, பெருவிரல் அளவும் இருந்தது, வெறும் ஓடும் இருந்தது. நான் கரையில் நின்று அவளுக்குக் குறிப்பேடு பிடித்தேன். எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. அடுத்த மூன்று கிழமையும் வாய் திறக்கவில்லை. ஏதாவது நடந்து காப்பாற்றும் என்று நினைத்தேன், என்ன நடக்கும் என்றுதான் தெரியவில்லை.

மாணவியின் எண்கள் என்னுடையதில் பாதிக்கும் கீழே இருந்தன. பிற்பாடு அவளே என்னிடம் சொன்னாள், அந்தச் சின்ன எண்களும் மோசமில்லையாம். ஆற்றுக்கு நன்மைதான், முதலிலிருந்தே அதைக் காட்டியிருந்தால் பந்தல் நின்றிருக்குமாம். இரண்டு எண்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போகாததுதான் பிரச்சினை. அக்காவின் பந்தல் விழுந்தது சிப்பி சிறியதாக இருந்ததால் இல்லை.

சேர் எல்லாரையும் கரையோரக் கொட்டிலுக்குக் கூப்பிட்டார். ஆறு பெண்களும் பாயில் இருந்தார்கள், நான் சேருக்குப் பக்கத்தில் கதிரையில். அந்த நேரம் பாசிக்குடாப் பக்கம் ஹோட்டல்கள் எழும்பத் தொடங்கியிருந்தன. பெரிய சிப்பிக்கு அங்கே நல்ல கேள்வியும் விலையும் இருக்கிறது என்று எல்லாருக்கும் தெரியும். அறுவடைக்கு முன் ஒரு சிப்பியும் வெளியே போகக் கூடாது என்பது பெண்கள் கையெழுத்துப் போட்ட நிபந்தனை. சேர் கத்தவில்லை. போன தடவை வரைக்கும் இருந்த பெரிய சிப்பியெல்லாம் எங்கே போனது என்று அக்காவைப் பார்த்துக் கேட்டார். ஹோட்டலுக்குப் போனதா என்று கேட்டார். மற்ற ஐந்து பேரும் அக்காவைப் பார்த்தார்கள்.

அக்கா ஒருமுறை என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்க்கவில்லை. பள்ளிக்கூடத்தில் பக்கத்துப் பிள்ளைக்குப் பதில் வரட்டும் என்று காத்திருப்பவர்போலப் பார்த்தார்.

“நான் ஒண்டும் விக்கல்ல சேர். தம்பிக்கிட்டக் கேளுங்க, அவருக்குத் தெரியும்.”

சேர் என் பக்கம் திரும்பினார். நீர் பட்டியல்படிதானே எடுத்தீர் என்று கேட்டார். கொட்டிலுக்கு வெளியே பந்தல் கம்புகள் தெரிந்தன, ஒவ்வொன்றிலும் ஒரு நீர்க்காகம். என் தலைக்குள் ஓடியதெல்லாம் ஒன்றுதான். இவன் தண்ணீருக்குப் பயந்தவன் என்று இத்தனை பேருக்கும் தெரிந்துவிடும், கல்லடி முழுக்கத் தெரிந்துவிடும், கரைவலைக்காரர் மகன் என்று சிரிப்பார்கள்.

“ஓம் சேர், பட்டியல்படிதான் எடுத்த நான். அதுக்குப் பிறகு என்ன நடந்ததெண்டு எனக்குத் தெரியா.”

இந்த இரண்டு வசனத்தையும் நான் சொன்னேன். அக்கா தலையைக் குனிந்துகொண்டார். அதற்குப் பிறகு எவ்வளவோ பேசினார்கள், அவர் ஒரு சொல்லும் பேசவில்லை. பேசாமல் இருந்ததையே சேர் ஒப்புக்கொண்டதாக எடுத்தார்.

அடுத்த கிழமை கம்புகளைப் பிடுங்கினார்கள். பெண்களே பிடுங்கிக் கரையில் அடுக்க வேண்டும் என்று உத்தரவு. அக்காவும் நெஞ்சளவு தண்ணீரில் நின்று தன் பந்தலைத் தானே அவிழ்த்தார். நான் கரையில் நின்று எத்தனை கம்பு என்று எழுதினேன். மற்றப் பெண்கள் அவரோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. அவர் இரகசியமாக விற்றுவிட்டார், அதனால் தங்களுக்கும் போயிற்று என்று நம்பினார்கள். ஊரும் அப்படித்தான் கதைத்தது. மகளிடம் பள்ளிக்கூடத்தில் யாரோ சிப்பி விலை கேட்டார்களாம், அவள் ஒரு கிழமை போகவில்லை. இதெல்லாம் என் காதுக்கு வந்தது. எனக்கு வேலை போகவில்லை. அதே சேர் என்னை வேறொரு திட்டத்தில் அலுவலகத்துக்குள் போட்டார். மேசை, காற்றாடி, தண்ணீரே தேவையில்லை. உண்மையைச் சொன்னால் நிம்மதியாகத்தான் இருந்தது. அந்த நிம்மதியை நினைத்தால்தான் இப்போது மிக அதிகமாக வெட்கப்படுகிறேன்.

அந்த வருட ஆடி அமாவாசைக்கு மாமாங்கக் கோயிலுக்குப் போனேன். தகப்பன் இல்லாதவர்கள் அன்று அமிர்தகழித் தீர்த்தக் குளத்தில் மூழ்கி எழ வேண்டும். அப்பா போன பிறகு வருடாவருடம் தீர்த்தமாடப் போகிறேன் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போவேன், சனத்துக்குள் நின்றுவிட்டுக் குழாய்த் தண்ணீரில் தலையை நனைத்துக்கொண்டு வீட்டுக்குப் போவேன். அந்த முறை ஏதோ ஒரு வீம்பில் படிக்கட்டுவரை இறங்கினேன். கடைசிக் காய்ந்த படியில் நின்றுவிட்டேன். பக்கத்தில் பிள்ளைகள்கூட விழுந்து மூழ்குகிறார்கள். ஆட்கள் இடித்துக்கொண்டு இறங்குகிறார்கள். நான் நட்டுவைத்த கம்புபோல நிற்கிறேன்.

யாரோ பின்னாலிருந்து என் தோளைத் தொட்டு விலக்கினார்கள். அக்கா. சேலை ஏற்கெனவே நனைந்திருந்தது, கையில் ஒரு செம்பு. என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. நேரே தண்ணீருக்குள் இறங்கினார், இடுப்பளவுக்குப் போய்ச் செம்பை அமிழ்த்தி நிரப்பி, படியேறி வந்து என் கையில் தந்தார். இந்த முறையும் அவர்தான் இறங்கினார். இந்த முறையும் நான் கரையில் நின்று வாங்கினேன். அப்பாவை நினைத்துத் தலையில் ஊற்றினேன். கண் திறந்தபோதுதான் எனக்கு உறைத்தது, இறங்கமாட்டேன் என்பது இவருக்கு எப்படித் தெரியும்.

உங்களுக்கு எப்போதிலிருந்து தெரியும் அக்கா என்று கேட்டேன்.

“முதல் நாளே தெரியும் தம்பி. மகளும் ஒருநாள் கண்டுட்டு வந்து சொன்னவள்.”

அந்தப் பட்டியல் எதற்கென்று மாணவி வந்து எடுத்த அன்றுதான் தனக்கு விளங்கியது என்றார். தெரிந்திருந்தால் பட்டியலைப் பார்த்தே எடுத்துத் தந்திருப்பேன், எனக்கென்ன, எந்தச் சிப்பியும் ஒன்றுதானே என்றார். அவர் சொன்ன தொனியில் குறையே இல்லை, அதுதான் தாங்க முடியவில்லை. அப்படியென்றால் அன்று கொட்டிலில் ஏன் சொல்லவில்லை, இவன் தண்ணீரிலேயே இறங்கவில்லை என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் தப்பியிருக்கலாமே என்றேன். ஏதோ தவறு செய்தவர் அவர் என்பதுபோல என் குரல் உயர்ந்தது.

“நான் சொன்னா உங்கட வேல போயிருமே,” என்றார் அக்கா. “நீங்க சொல்லுவீங்கெண்டு பாத்துக்கொண்டிருந்தன்.”

நான் செம்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மன்னிப்பு என்ற சொல் வாய்க்குள் வந்தது, அந்தச் சனத்துக்குள் அதைச் சொல்வதே இன்னொரு நடிப்புப்போல இருந்தது, விழுங்கிவிட்டேன். சேருக்கு எல்லாவற்றையும் எழுதுகிறேன் என்றேன். குவைத்துக்கு விசா வந்துவிட்டது, வாற கிழமை போகிறேன், பந்தல் இனி எனக்கு உதவாது என்றார் அக்கா. மகளைத் தன் மச்சாள் வீட்டில் விட்டுவிட்டுப் போகிறாராம். எழுதுவதென்றால் அவள் வாசித்து விளங்கக்கூடிய மாதிரி எழுதி, ஒரு பிரதியை அவள் கையில் கொடுங்கள் என்று கேட்டார். அவ்வளவுதான் கேட்டார். செம்பை வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

எழுதினேன். நாலு பக்கம். மூன்று தடவை கிழித்தேன். முதல் மூன்றிலும் சுனாமியும் அப்பாவும் அதிகம் வந்துவிட்டார்கள், படிப்பவர் என் மேல் இரக்கப்படுவார் போல இருந்தது. நாலாவதில் செய்ததை மட்டும் எழுதினேன். அந்தத் திட்டம் முடிந்துவிட்டது, இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்று சேர் ஒரு வரி பதில் அனுப்பினார். என்னை வேலையிலிருந்து நிறுத்தவும் இல்லை. நானாகத்தான் விட்டேன். அதைப் பெருமையாகச் சொல்லவில்லை, அப்போது யாருக்கும் அதனால் ஒரு பயனும் இருக்கவில்லை.

பிரதியைக் கொண்டுபோய் அந்த மச்சாள் வீட்டுப் படலையில் நின்று மகளைக் கூப்பிட்டேன். அவள் பள்ளிக்கூடச் சட்டையோடுதான் வந்தாள். உள்ளே வரச் சொல்லவில்லை. நின்றபடியே நாலு பக்கத்தையும் வாசித்தாள். சில இடத்தில் திரும்பவும் போய் வாசித்தாள். பிறகு ஒழுங்காக மடித்துப் புத்தகப் பைக்குள் வைத்தாள்.

“இத அண்டைக்கு வாயால சொல்ல எவ்வளவு நேரம் போயிருக்கும்?” என்று கேட்டாள்.

அவள் குத்திக் கேட்கவில்லை. உண்மையிலேயே பதில் தெரிய வேண்டும்போலக் கேட்டாள். நானும் உண்மையைத்தான் சொன்னேன், ஒரு நிமிடம்கூடப் போயிருக்காது என்று. அவள் தலையாட்டிவிட்டுப் படலையைச் சாத்தினாள். அவளுடைய அம்மா விமானம் ஏறி அன்றோடு ஒன்பது நாள்.